கதைக்குப் பூசை! கல்லுக்குத் திரை!

நமது நாட்டில் ஒரு புத்தகத்தைப் பத்துப்பேர் சேர்ந்து மெச்ச ஆரம்பித்துவிட்டால், பிறகு அது புத்தகமாக இருப்பதில்லை, வேதமாகிவிடுகிறது. வேதமாகிவிட்டால் அதில் எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று கேட்பவன் துரோகி. அதில் ஒரு வரியைத் தள்ளுகிறவன் பாவி. அதைச் சட்டமிட்டு மாட்டி மஞ்சள் குங்குமம் வைக்கிறவன் பக்தன். இந்த மாதிரிப் பக்தி, கடவுள் கதைகளோடு நின்றிருந்தால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்போம். ஆனால் அது இன்று நாவலுக்கும் சினிமாவுக்கும் வந்து சேர்ந்திருப்பதால் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கிறது.

"கல்கி" என்ற புனைபெயர் கொண்ட திரு. ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950 முதல் 1954 வரை தமது வாரப் பத்திரிகையில் "பொன்னியின் செல்வன்" என்ற கதையை எழுதினார். ஐந்து பாகம், 293 அத்தியாயம். வாரந்தோறும் அதற்காகக் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். பத்திரிகையிலிருந்து கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துப் பெட்டியில் வைத்துப் பேரன் பேத்திகளுக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. எழுத்து வாசனையே அதிகமில்லாத வீடுகளில்கூட ஒருவர் படிக்க நாலுபேர் கேட்டார்கள். தமிழில் படிக்க வேண்டுமென்ற ஆசையை அது உண்டாக்கிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது நேர்மையும் ஆகாது.

இந்தக் கதையைச் சினிமாவாக்க வேண்டுமென்று 1958ல் எம்.ஜி.ஆர். முயன்றார், நடக்கவில்லை. பிறகு வேறு சிலரும் முயன்று பார்த்தார்கள். கடைசியாகத் திரு. மணிரத்னம் அவர்கள், திரு. ஜெயமோகன், திரு. இளங்கோ குமரவேல் ஆகியவர்களோடு சேர்ந்து திரைக்கதை அமைத்து, 2022 செப்டம்பர் 30ல் முதற்பாகமும், 2023 ஏப்ரல் 28ல் இரண்டாம் பாகமும் வெளியிட்டார். முதற்பாகத்துக்கு 2024ல் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது.

படம் வந்தது முதல் டீக்கடை, ரயில் வண்டி, கல்யாணப் பந்தல் எங்கும் ஒரே வழக்கு. "நாவலில் இருந்தது படத்தில் இருக்கிறதா? கல்கி எழுதியதை மாற்றலாமா?" என்பதுதான் அது. நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. கல்கி எழுதியதில் எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்பதே அது.

முதலாவது, கதையை மாற்றலாமா என்பதைப் பார்ப்போம். தாராளமாக மாற்றலாம். மாற்றாமல் படமெடுக்கவே முடியாது. வாரப் பத்திரிகைக் கதை என்பது ஒவ்வொரு வாரமும் வாசகனை ஒரு பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, அடுத்த வாரம் வா என்று சொல்லி அனுப்புகிற வித்தை. படம் பார்க்கிறவன் ஒரே இருப்பில் உட்கார்ந்து பார்க்கிறவன். 293 அத்தியாயங்களை இரண்டு படமாக, மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமானால், வெட்டாமல் என்ன செய்ய முடியும்? இது கல்கிக்கே தெரியும். அவருடைய "தியாகபூமி" 1939ல் படமானபோது, படத்தின் காட்சிகளையே போட்டுத்தான் பத்திரிகையில் கதை வந்துகொண்டிருந்தது. சினிமாவையும் எழுத்தையும் ஒருங்கே ஓட்டத் தெரிந்தவர் அவர். அவருடைய எழுத்துக்களோ 1999ல் நாட்டுடைமையும் ஆகிவிட்டன. ஆகவே "மாற்றாதே" என்று கூச்சல் போடும் பக்தர்களோடு நமக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை.

திரைக்கதை எழுதியவர்களும் அந்தப் பக்தர்களுக்குப் பயந்ததாகத் தெரியவில்லை. நாவலின் முடிவில் வாசகர்களைக் கண்ணீர் விடவைத்த மணிமேகலை என்ற பெண்ணைப் படத்தில் அடியோடு எடுத்துவிட்டார்கள். சேந்தன் அமுதன் என்ற பூக்காரப் பையன்தான் உண்மையான மதுராந்தகன் என்று ஐந்தாம் பாகத்தில் கல்கி அவிழ்க்கிற பெரிய முடிச்சையே வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். நல்லது. வானம் இடிந்து விழுந்துவிட்டதா? இல்லை. ஆகவே, எதையும் சேர்க்கவும் தள்ளவும் தங்களுக்கு உரிமை உண்டென்று அவர்களே காரியத்தில் காட்டிவிட்டார்கள். இதை வாசகர்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. இந்தக் கதையின் உயிர்நிலை எது? சுந்தர சோழனின் மூத்த மகனும் பட்டத்துக்கு உரியவனுமான ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்பதுதான். அந்தக் கொலை இல்லாவிட்டால் நாவலும் இல்லை, படமும் இல்லை. அந்தக் கொலையைப் பற்றி ஒரு கல் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அதாவது சுமார் கி.பி. 987 வாக்கில் வந்த அரசாணையைப் பற்றியது அது. ஆணை போனது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபைக்கு. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று அது பெயர் சொல்லுகிறது. ஒருவன் சோமன். ஒருவன் ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன். மற்றொருவன் பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். இவர்களெல்லாம் சகோதரர்கள். இவர்களுடைய உடைமைகளையும் இவர்கள் சுற்றத்தாரின் உடைமைகளையும் பறித்து விற்பது பற்றிய விஷயம் அதில் இருக்கிறது.

இது ஏதோ நேற்றுத் தோண்டியெடுத்த ரகசியமல்ல. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1930களிலேயே இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதிவிட்டார். கல்கி கதை எழுதத் தொடங்கியது 1950ல். அவருக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கதையில் வரும் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் நாள் குதிரைமேல் வந்து கதையைத் தொடங்கி வைக்கிறானே, அந்த வீரநாராயண ஏரிக்கும் இந்தக் கல்லுக்கும் வெகுதூரமில்லை. குதிரைமேல் வந்தவன் கல்லைப் பார்க்க முடியாது. ஏனெனில் அது பின்னால் வெட்டப்பட்டது. ஆனால் எழுதியவர் பார்க்கலாம். எழுபது வருஷம் கழித்துப் படமெடுத்தவர்கள் இன்னும் நன்றாகப் பார்க்கலாம்.

பார்த்து என்ன செய்தார்கள்? "பிரமாதிராஜன்" என்பது சோழ அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த பார்ப்பனர்களுக்கு அரசன் கொடுத்த பட்டம். ஆகவே கல் சொல்லுகிறபடி பார்த்தால், கரிகாலனைக் கொன்றவர்கள் அரசன் சோற்றைத் தின்று, அரசன் கொடுத்த பட்டத்தைச் சூடிக்கொண்டு, சதுர்வேதிமங்கலத்தில் காணி பூமியோடு வாழ்ந்த கூட்டத்தார். கதையிலோ அவர்கள் யார்? ரவிதாசன் ஒரு மந்திரவாதி. மற்றவர்கள் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கச் சபதம் செய்துகொண்டு, காட்டிலும் பள்ளிப்படையிலும் நள்ளிரவில் கூடிக் கூத்தடிக்கிற ஆபத்துதவிகள். அரண்மனைக்கு உள்ளே இருந்த குற்றம் அரண்மனைக்கு வெளியே போய்விட்டது. பட்டம் பெற்ற உத்தியோகஸ்தன் செய்தது பாண்டி நாட்டான் தலையில் விழுந்தது. சபையில் உட்கார்ந்திருந்தவன் கையில் இருந்த ரத்தத்தைக் கழுவி, காட்டில் இருந்தவன் கையில் பூசியாகிவிட்டது.

மணிமேகலையை எடுத்துவிடத் தைரியம் இருந்தது. மதுராந்தகன் முடிச்சை அறுத்தெறியத் தைரியம் இருந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும் நாவல் ஆசிரியர் சொன்னதே வேதவாக்கு ஆனதேன்? படத்திலும் அதே ஆபத்துதவிகள், அதே பாண்டியப் பழி. போதாக்குறைக்குக் கரிகாலன், காதலில் தோற்றுச் சாவைத் தேடித் தானே போகிறவனாகவும் ஆக்கப்பட்டான். ஒரு ராஜாங்கக் கொலை, காதல் சோகமாக முடிந்துவிட்டது. பார்ப்பவன் அழுதுகொண்டு வெளியே வருவான். யார் கொன்றார்கள், எதற்குக் கொன்றார்கள், யாருக்கு லாபம் என்று கேட்டுக்கொண்டு வரமாட்டான்.

இதற்கு மூன்று விதமாகச் சமாதானம் சொல்லப்படுகிறது.

ஒன்று, "ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கொலையில் ஜாதியைக் கிளப்புகிறீர்கள்" என்பது. ஐயா, ஜாதியை நாமா கிளப்பினோம்? பட்டத்தையும் பெயரையும் வெட்டி வைத்தது ராஜராஜன் காலத்துக் கல். அதை அச்சிலேற்றி உலகுக்குச் சொன்ன நீலகண்ட சாஸ்திரியார் பார்ப்பனரே. அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அன்று எவனோ செய்த கொலைக்கு இன்று ஒரு ஜாதியாரைப் பழிப்பது மடத்தனம். அது நமது நோக்கமல்ல. உண்மையில் அப்படிப் பரம்பரைப் பழி சுமத்தியவன் ராஜராஜனே. கொன்றவர்களோடு நிற்காமல், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமன், தாயோடு பிறந்த மாமன், உடன்பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் வரையில் உடைமையைப் பிடுங்கியதாகக் கல் சொல்லுகிறது. இந்த நீதியை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியாததை நடந்ததாகச் சொல்லுவது வேறு. நடக்கவே இல்லை என்று மூடுவது வேறு.

இரண்டாவது, "ஆராய்ச்சிக்காரர்களே ஒத்துப்போகவில்லையே" என்பது. மெய்தான். கொலைக்குப் பின்னால் உத்தம சோழன் இருந்திருக்கலாமென்று சாஸ்திரியார் சந்தேகித்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உடைமை பறிக்கப்பட்டது எப்போது, இத்தனை வருஷம் ஏன் சென்றது என்பதிலும் வழக்கு உண்டு. ஆனால் வழக்கெல்லாம் யார் தூண்டினார்கள், எப்போது தண்டித்தார்கள் என்பதைப் பற்றியதே. துரோகிகள் என்று கல்லில் வெட்டப்பட்ட பெயரும் பட்டமும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. சந்தேகம் இருக்கிறதென்றால் அந்தச் சந்தேகத்தையே கதையாக எழுதலாமே! இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? தம்பி பட்டத்துக்கு வருகிறான். அண்ணனைக் கொன்றவர்கள் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம். நடுவில் ஆண்டவன் சிற்றப்பன். அவன் காலத்தில் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? சபையார் ஓலையை வாங்கிப் படிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நிலத்தை அளக்க வந்தவன் முன்னால், யாதொரு பாவமும் அறியாத மருமகன் என்ன சொல்லியிருப்பான்? இதையெல்லாம் விட்டுவிட்டு மந்திரவாதியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அது கற்பனையின் பெருமையா, கற்பனையின் வறட்சியா என்று கேட்கின்றோம்.

மூன்றாவது சமாதானம்தான் எல்லாவற்றிலும் பெரியது. "இது வெறும் கதைதானே! கதையில் சரித்திரத்தைத் தேடலாமா?" என்பது. வெறும் கதையென்றால் வெறும் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்படியா வைத்திருக்கிறார்கள்? படம் வந்தபோது "இதோ நமது சரித்திரம்" என்று பேசினவர்கள் யார்? கதை நடந்த இடமென்று ஊர் ஊராகச் சுற்றுலாக் கூட்டிப் போனவர்கள் யார்? குந்தவையும், வந்தியத்தேவனும், செம்பியன் மாதேவியும் கல்வெட்டில் உள்ளவர்கள். நந்தினியும், பூங்குழலியும், ஆழ்வார்க்கடியானும், ஊமை ராணியும் கல்கியின் பேனாவில் பிறந்தவர்கள். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர்? கல்லூரியில் படித்த பிள்ளைகளே நந்தினியின் சமாதி எங்கே என்று கேட்கும்போது, பாமர ஜனங்களைக் குற்றம் சொல்ல முடியுமா? புராணம் இப்படித்தானே உண்டாயிற்று! முதலில் கதை, பிறகு கதை நடந்த இடம், பிறகு இடத்துக்கு யாத்திரை, பிறகு கேள்வி கேட்டால் கோபம்.

அன்றியும், சரித்திரம் வேண்டியபோது இவர்களே அதை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். கதைக்கும் படத்துக்கும் முடிவு என்ன? அருள்மொழி தனக்கு வந்த முடியைச் சிற்றப்பனுக்குக் கொடுத்துவிட்டான் என்ற தியாகம். இதற்கு ஆதாரம் எது? குடிகள் வேண்டியும் சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரையில் அவன் பட்டத்தை ஏற்கவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுகிறது. அந்தச் செப்பேடு யார் காலத்தது? அவனுடைய மகன் ராஜேந்திரன் காலத்தது. மகன் சம்பளம் கொடுக்க, புலவர் தகப்பனைப் புகழ்ந்து பாடியது! ஆகப் புகழ்ச்சி வேண்டும்போது செப்பேடு சரித்திரம். குற்றம் வரும்போது கல்வெட்டு கண்ணுக்குத் தெரியாது. அரண்மனைப் புலவன் பாட்டு, "தியாக சிகரம்" என்று ஒரு பாகத்தின் பெயராகவே ஆகிவிட்டது. சபையாருக்கு வந்த உத்தரவு பெட்டிக்கடியில் போய்விட்டது. இதுதான் நடுநிலைமையா?

இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றினால் அரச குலத்தில் சாவு விழும் என்பது கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிற பயம். அக்கால ஜனங்கள் அப்படி நம்பினார்கள் என்று காட்டுவதில் குற்றமில்லை. ஆனால் நட்சத்திரமும் தோன்றி, சாவும் விழுந்து, நட்சத்திரமும் மறைந்துவிட்டால், நம்பினவன் சொன்னது பலித்துவிட்டதல்லவா? ஹாலி என்பவர் 1705ல் கணக்குப் போட்டு, இன்ன வால்நட்சத்திரம் 1758ல் திரும்பி வரும் என்றார். அவர் 1742ல் இறந்துபோனார். நட்சத்திரம் சொன்னபடி வந்தது. யார் இறந்தாலும், யார் பிறந்தாலும் அது சுமார் 76 வருஷத்துக்கு ஒரு தரம் வந்துவிட்டுத்தான் போகிறது. 1986ல் வந்தது, 2061ல் வரும். இவ்வளவும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த 2022லும், படத்தின் ஆரம்பமே அந்த வால்நட்சத்திர அபசகுனம்தான்! இதையும் வெட்டக் கத்தி இல்லாமல் போயிற்று.

படம் வருவதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது ஞாபகமிருக்கலாம். என்ன சண்டை? கரிகாலனைக் கொன்றது யார் என்றா? இல்லை. கரிகாலன் நெற்றியில் என்ன குறி இருக்க வேண்டும் என்று! நெற்றிக்கு வழக்கு உண்டு; தலை போனதற்கு வழக்கு இல்லை. நமது நாட்டுச் சரித்திர ஆராய்ச்சி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கடைசியாக, இந்தப் "பொற்காலத்தில்" குடிகள் எங்கே? படத்தில் அரண்மனை இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நகை இருக்கிறது, யானை இருக்கிறது. ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் வேறு சிலதும் இருக்கின்றன. ஊர்களுக்கு வரி கணக்கிடும்போது வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் குளம், வாய்க்கால், சுடுகாடு இவைகளோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல் பங்கும் வைத்த விவரம் பெயர் பெயராக இருக்கிறது. இந்த 400 பெண்களில் ஒருத்திக்குக்கூடக் கதையில் இடமில்லை. இல்லாத நந்தினிக்கு இத்தனை இடம்! நாவல் நடக்கும் காலத்துக்குப் பிந்தியது இது என்று சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் "தீண்டாச்சேரி" ஒரே நாளில் முளைத்திருக்குமா? ஏரி வெட்டினவனும், கல் சுமந்தவனும், சேரியில் கிடந்தவனும் இல்லாத சோழ நாடு எந்தச் சோழ நாடு?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். நாவலைப் படியுங்கள், நன்றாயிருந்தால் சந்தோஷப்படுங்கள். படத்தைப் பாருங்கள், பாட்டும் காட்சியும் பிடித்தால் கை தட்டுங்கள். நாளைக்கு வேறொருவர் இதே கதையை மறுபடியும் எடுக்கத்தான் போகிறார். அவர் கல்கிக்கு விசுவாசமாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிராதீர்கள். செத்தவனுக்கும், கல்லுக்கும், சேரிக்கும் விசுவாசமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண் பாத்திரத்தை வெட்டத் துணிந்த கத்தி, பட்டம் பெற்ற குற்றவாளியை மறைத்திருக்கும் திரையைக் கிழிக்கத் துணியுமா என்று கேளுங்கள்.

கதை நடந்த இடம் என்று சுற்றுலாப் போகிறவர்கள் வீராண ஏரிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், உடையார்குடிக்கும் போய் வாருங்கள். அந்தக் கல்லுக்கு மாலை போட வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். பக்கத்தில் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.